ஒடிந்த கொம்பு

திருவனந்தபுரம் பழவங்காடியில் கணபதியின் சன்னிதியில் சிதறு தேங்காயின் ஓசை ஓய்வதில்லை. யானைமுகனை வணங்கிக் கிழக்குக் கோட்டை வாயிலைக் கடந்து சென்றால் பத்மநாப சுவாமி ஆலயம். அதனருகே நவராத்திரி மண்டபம். ஆண்டுதோறும் பத்மநாபபுரத்திலிருந்து எழுந்தருளும் கலைவாணியின் திருமுன் அங்கே இசை அர்ப்பணிக்கப்படுகிறது. யானைமுகனுக்கும் வீணை ஏந்திய தேவிக்கும் இடையே உள்ள இச்சிறு தூரத்தில் ஓர் அறக்கேள்வி எழுகிறது.

வீணைக்குப் பெயர் பெற்ற ஊர் தஞ்சாவூர். 2013-இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பலாமரத்தைக் குடைந்து குடமும் தண்டியும் யாளிமுகமும் செய்கிறார்கள். மெழுகின்மேல் 24 மெட்டுகளைச் சுருதி பிசகாமல் பதிக்கிறார்கள். 7 தந்திகளைப் பூட்டுகிறார்கள். குடத்தின்மீதும் விளிம்பிலும் அழகுக்காக அன்று பதித்தவை யானைத் தந்தமும் மான்கொம்பும். தந்தவேலையில் திருவிதாங்கூரும் புகழ் பெற்றிருந்தது. 1851-இல் லண்டன் பொருட்காட்சியில், திருவிதாங்கூர் மன்னர் விக்டோரியா அரசிக்கு அனுப்பிய தந்தச் சிம்மாசனம் காட்சிக்கு வைக்கப்பட்டது.

தந்தத்தின் அடிப்பகுதி யானையின் மண்டையோட்டுக்குள் புதைந்திருக்கிறது. அதை முழுதாகப் பெற விரும்பிய வேட்டைக்காரர்கள் யானையையே கொன்றார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் தந்த வாணிகத்துக்கு முடிவு கட்டின. இன்று வீணையில் பதிக்கப்படுவது பெரும்பாலும் பிளாஸ்டிக் தகடு.

"தானே இறந்த யானையின் தந்தத்தை எடுத்தால் என்ன பாவம்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கடைக்கு வந்துவிட்ட தந்தம், தான் எப்படி வந்தது என்று சொல்லாது. ஒரு பொருளுக்கு விலை ஏறிவிட்டால், அது இயற்கையாகக் கிடைக்கும்வரை ஆசை காத்திருப்பதில்லை.

வீணையின் நாதம் மரத்திலும் தந்தியிலும் மீட்டுபவரின் விரலிலும் பிறக்கிறது. விளிம்பிலுள்ள தந்தத்தில் அன்று. இசைக்குத் தேவைப்படாத ஒன்றை நம் பெருமைக்காகவே யானையிடமிருந்து பறித்தோம்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. சட்டம் யானையைக் காத்தது. அதன் சுமையோ தந்தவேலையே வாழ்வாக இருந்த கைவினைஞர்மீது விழுந்தது. மரத்துக்கு மாறிய அவர்களது உழைப்புக்குப் பேரம் பேசாமல் உரிய விலை தருவதும் நமது கடமையே.

பாரதம் எழுதுவதற்காகக் கணபதி கொம்பை ஒடித்தார் என்பது புராணம். அவர் ஒடித்தது தம்முடைய கொம்பை! தன்னுடையதை ஒடித்துத் தருவது தியாகம். பிறருடையதை ஒடித்து எடுத்துவந்து இறைவனுக்கு அலங்காரம் செய்வது எப்படி வழிபாடாகும்? நாம் படைக்கும் ஒவ்வொரு காணிக்கையிலும், நடத்தும் ஒவ்வொரு விழாவிலும் இதையே கேட்டுக்கொள்வோம்: இங்கே ஒடிந்திருப்பது யாருடைய கொம்பு?