புரியாத பேச்சைப் பரப்பலாமா?

குற்றாலத்து இறைவன்மேல் ஒரு பதிகமும், அங்கே தலமரமாக நிற்கும் குறும்பலாவின்மேல் இன்னொரு பதிகமும் திருஞானசம்பந்தர் பாடியிருக்கிறார். தன் தமிழ் இறைவன் செவிக்கு எட்டுமா என்ற ஐயத்தின் சாயல்கூட அவற்றில் இல்லை. அந்த ஐயம் கோயிலை நடத்துகிறவர்களைத்தான் காலந்தோறும் பிடித்து ஆட்டியிருக்கிறது. 2020இல் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கை எம்மொழியில் நடத்துவது என்ற வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. கடைசியில் தமிழிலும் சமஸ்கிருதத்திலும் நடந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு 47 கோயில்களில் தமிழ் அர்ச்சனைத் திட்டத்தைத் தொடங்கியது. இந்த விவாதத்தில் தவறாமல் வந்து நிற்கும் வாதம் ஒன்று உண்டு: ஆண்டவனுக்கு எல்லா மொழியும் தெரியும், பிறகு எந்த மொழியில் சொன்னால் என்ன? கேட்க அழகாக இருந்தாலும் இந்த வாதம் இடம் மாறி நிற்கிறது. எல்லாம் அறிந்தவன் கருவறையில் இருக்கிறான் என்பதால், வாசலில் நின்று கூட்டத்தை அழைக்கிறவனுக்கும் எல்லாம் தெரிந்துவிடுவதில்லை. அழைத்தவன் மனிதன்; வந்தவர்கள் சொல்வதைப் புரிந்துகொள்ளும் கடமை அவனைச் சேர்ந்தது.

இதை இன்று அழுத்திச் சொல்ல வேண்டிய இடம் சமூக ஊடகம். உலகத்தையே வா என்று அழைத்த நிறுவனங்கள் அவை. யார் எதைப் பார்த்தார், எங்கே நின்றார், எதற்குச் சினந்தார் என்பதெல்லாம் அவற்றின் கணினிகளுக்குத் தெரியும். ஆனால் சொன்னது என்ன என்பது பல மொழிகளில் தெரியாது. பார்வை மட்டும் இறைவனுடையதுபோல் விரிந்து, அறிவு அதனோடு சேர்ந்து விரியாத நிலை இது. ஒரு பதிவைப் பரப்புவதற்கு அதன் மொழி தெரிய வேண்டியதில்லை; எத்தனை பேர் விரலால் தொட்டார்கள் என்ற கணக்கே போதும். அது பொய்யா, யாரையாவது அடிக்கச் சொல்கிறதா என்று நிதானித்துத் தடுப்பதற்குத்தான் மொழி வேண்டும். ஆகவே நிறுவனத்துக்குத் தெரியாத மொழியில் பரப்பும் வேலை முழு வேகத்தில் நடக்கும், தடுக்கும் வேலை நடக்கவே நடக்காது.

மியான்மரில் நடந்தது இதுதான். 2015இன் தொடக்கத்தில் ஃபேஸ்புக்கில் பர்மிய மொழிப் பதிவுகளைச் சரிபார்க்க இரண்டே பேர் இருந்தார்கள் என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. ரோஹிங்கிய முஸ்லிம்கள்மீதான வெறுப்பு அங்கே பரவியதில் சமூக ஊடகத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்று ஐ.நா. விசாரணைக் குழு 2018இல் கூறியது. அதே ஆண்டு மார்ச்சில் இலங்கையில், கண்டி அருகே திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அரசு ஃபேஸ்புக்கை முடக்க நேர்ந்தது. தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு அந்த நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது. ஃபேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகன் 2021இல் வெளியிட்ட ஆவணங்களில், பொய்ச் செய்திகளை அடையாளம் காணச் செலவிடும் நேரத்தில் 87 விழுக்காடு அமெரிக்காவுக்கு ஒதுக்கப்பட்டது தெரியவந்தது. உலகின் மற்ற எல்லா நாடுகளுக்கும் சேர்த்து மிஞ்சியது 13.

புகார் செய்யப் பொத்தான் வைத்திருக்கிறோமே என்று நிறுவனங்கள் சொல்லும். பெரிய புராணத்தில் வரும் மனுநீதிச் சோழனின் வாசலிலும் மணி இருந்தது. பசு அதை அசைத்தபோது ஓசை மன்னன் காதில் விழுந்தது; ஆனால் பசுவுக்கு நேர்ந்தது என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை. அதன் கன்று இளவரசனின் தேர்க்காலில் சிக்கி இறந்ததை அறிந்த அமைச்சர் ஒருவர் எடுத்துச் சொன்ன பிறகே நீதி தொடங்கியது. கதையின் இந்த நடுப்பகுதியை நாம் விட்டுவிட்டு மணியையும் தேர்க்காலையும் மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். விவரம் தெரிந்த அமைச்சர் இல்லாத அரண்மனையில் மணி எத்தனை முறை ஒலித்தும் பயனில்லை.

செலவைச் சொல்லி மறுப்பவர்கள் உண்டு. பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகள் இந்தியாவில் 121 என்கிறது 2011 கணக்கெடுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஆள் வைப்பது எப்படி என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அந்த மொழி பேசுகிறவர்களிடம் விளம்பரம் காட்டிப் பணம் ஈட்டும்போது இந்தச் சிரமம் எழுவதில்லை. ஆள் வைக்க முடியாத மொழியில் பரப்பும் வேகத்தையாவது குறைக்கலாம்: எழுதுகிறவர் எழுதட்டும், அவரைப் பின்தொடர்கிறவர் படிக்கட்டும்; கேளாதவர்முன் கொண்டுபோய் நீட்டும் வேலையை நிறுவனம் நிறுத்திக்கொள்ளட்டும். அதற்குச் செலவு இல்லை, லாபம்தான் குறையும்.

இயந்திரம் மொழிபெயர்த்துவிடும் என்பது அடுத்த மறுப்பு. இயந்திரம் வேகமாகத் தேறிவருவது உண்மை. அதன் உதவி தேவையும்கூட. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. ஆரியங்காவு வழியாகக் குளிக்க வரும் மலையாளிக்கும், சபரிமலைக்குப் போகும் வழியில் இறங்கும் தெலுங்கு ஐயப்ப பக்தருக்கும் அருவியில் குளிக்கத் தடை என்ற செய்தி அவரவர் மொழியில் உடனே போய்ச் சேருமானால் அது பெரிய நன்மை. ஆனால் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதால் நோக்கம் விளங்கிவிடாது. செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர். அங்கே தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் கலக்கும், அதை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்களும் உண்டு. நெல்லைச் சீமையில் 'ஏலே' என்பது நண்பனிடம் பாசம், வேறொருவரிடம் வசை, இன்னொரு தெருவில் சாதித் திமிர். மாணவர்கள் கையில் கட்டும் கயிற்றின் நிறமே சாதியைச் சொல்கிறது என்பதால்தான் அதைத் தடை செய்யச் சொல்லி நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது. பாட்டோடு வரும் ஒரு சிறு காணொளியில் அந்தக் கயிறு இரண்டு நொடி தெரிந்தால், அது எதற்கான அழைப்பு என்று இந்த மண்ணை அறிந்த மனிதரால்தான் சொல்ல முடியும்.

என்னை அதிகம் யோசிக்க வைக்கும் மறுப்பு வேறு. எல்லா மொழியும் நிறுவனத்துக்குப் புரிந்துவிட்டால், அரசுக்கும் புரிந்துவிடும்; யாருக்கும் புரியாமல் பேசுவதும் எளியவனுக்கு ஒரு காவல்தானே? இதில் உண்மை இருக்கிறது. மலையடிவாரத்துப் பளியர் பழங்குடியினர் தமக்குள் பேசுவதை எந்த நிறுவனமும் அறிய வேண்டிய தேவை இல்லை. இருவருக்கிடையிலான பேச்சு அவர்களுடையது. அதற்குப் பூட்டு இருக்க வேண்டும். நான் வலியுறுத்தும் கடமை பேச்சைக் கேட்டதால் வருவது அல்ல, பேச்சை எடுத்து ஊருக்குமுன் வைத்ததால் வருவது. திருக்குறள் 'கேள்வி' அதிகாரத்தை அரசியலில், ஆள்பவனுக்குரிய பண்புகளுக்கிடையே வைத்திருப்பதும் இங்கே எண்ணத்தக்கது. கேட்டறியும் பொறுப்பு, அதிகாரம் உள்ளவன் பக்கமே முதலில் சேர்கிறது.

நம் ஊர் நிறுவனம் வந்தால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கையும் இப்போது எழுந்திருக்கிறது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் சோஹோ மென்பொருள் நிறுவனத்தின் 'அரட்டை' செய்திச் செயலி 2021இல் வந்தது. 2025 செப்டம்பரில் நாடெங்கும் திடீரென்று பரவியது. இந்தச் சிற்றூர்ப் பக்கமிருந்து அப்படி ஒன்று எழுந்ததில் எனக்கும் பெருமிதம். ஆனால் இந்திய மொழிகளுக்கென்றே பெங்களூரில் தொடங்கிய 'கூ' சமூக ஊடகம் 2024 ஜூலையில் மூடப்பட்டது. தாய்மொழிப் பற்று மட்டும் ஒரு தளத்தைத் தாங்காது. மேலும், கலிபோர்னியாவுக்குத் தமிழ் எப்படியோ அப்படித்தான் தென்காசிக்குப் போடோவும் சந்தாலியும். எனவே எங்கிருந்து வரும் தளத்திடமும் ஒரே கணக்கைக் கேட்க வேண்டும்: எந்தெந்த மொழியில் பதிவுகளைப் பரப்புகிறீர்கள், அந்தந்த மொழியில் புகாரைப் படித்து முடிவெடுக்க எத்தனை பேர் இருக்கிறார்கள்? மொழிவாரியாக இந்த இரண்டையும் ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிடச் சட்டம் வேண்டும். இரண்டாவது எண் பூஜ்யமாக இருக்கும் மொழியில், முதல் வேலையைச் செய்ய அனுமதி கூடாது.