மூன்று சிலுவைகள்

துன்பம் தானாகவே மனிதனைத் தூய்மைப்படுத்திவிடுவதில்லை. துன்பம் வரும் வேளையில் மனம் எத்திசை நோக்கித் திரும்புகிறது என்பதே ஆன்மிக வாழ்வின் சோதனை.

ஹாலந்து நாட்டு ஓவியர் ரெம்பிராண்ட் 1653-ஆம் ஆண்டு 'மூன்று சிலுவைகள்' என்னும் அச்சோவியத்தைப் படைத்தார். செப்புத் தகட்டைக் கூரிய ஊசியால் நேரே கீறி, அக்கீறல்களில் மை நிரப்பி அச்சிடப்பட்டது அது. நடுவில் இயேசுநாதர், இருபுறமும் இரு கள்வர்கள். மேலிருந்து ஒளி பொழிகிறது. அச்சிட அச்சிடக் கீறல்கள் தேய்ந்தன. ஓவியர் தகட்டை எறிந்துவிடவில்லை. பல உருவங்களை அழித்து, அழுத்தமான கோடுகளால் மீண்டும் கீறினார். புதிய பிரதிகளில் இருள் பெருகியது. ஒரு கள்வனின் உருவம் ஏறத்தாழ மறைந்தே போயிற்று. ஆயினும் நடுச்சிலுவையை இருள் விழுங்கவில்லை.

மூவரும் ஏற்றது ஒரே தண்டனை. ஆனால் ஒருவன் இகழ்ந்தான். மற்றவன் தன் குற்றத்தை உணர்ந்து இயேசுநாதரைச் சரணடைந்தான். அவரோ தம்மை வதைத்தவர்களை மன்னிக்கும்படி பரமபிதாவிடம் வேண்டினார். வேதனை ஒன்றுதான், உள்ளங்கள் மூன்று.

திருப்பதிக்கு அருகே, பொன்முகலி ஆற்றங்கரையில் விளங்கும் திருக்காளத்தியும் இதனையே போதிக்கிறது. இறைவனின் கண்ணில் குருதி வழியக் கண்ட வேடர் திண்ணனார், அம்பினால் தம் கண்ணைப் பெயர்த்து அப்பினார். மறு கண்ணிலும் குருதி பெருகவே, அடையாளத்திற்காகத் தம் காலை அங்கே ஊன்றிக்கொண்டு, எஞ்சிய கண்ணையும் பெயர்க்கத் துணிந்தார். இறைவன் அவர் கையைப் பற்றித் தடுத்தருளினார். தம் வலியை அவர் எண்ணவேயில்லை. இறைவனின் துயரே அவருக்குப் பெரிதாயிற்று. அதனால் கண்ணப்பர் ஆனார்.

துன்பத்தைத் தேடிச் செல்லுமாறு சான்றோர் கூறவில்லை. நோய்க்கு மருந்து உண்ண வேண்டும். அநீதியை விலக்க முயல வேண்டும். ஆனால் விலக்க இயலாத துன்பம் வந்துற்றபோது, 'எனக்கு ஏன் இது?' என்று புலம்பும் மனம் தன்னைச் சுற்றியே சுழல்கிறது. இறைவனை நினைந்து, அருகில் துன்புறுபவருக்காகவும் பிரார்த்திக்கும் மனம் விடுதலை பெறுகிறது. இந்தத் திருப்பம் இறுதி நாளில் திடீரென வாய்க்காது. ஒரு கடுஞ்சொல், ஒரு சிறு நஷ்டம், உறக்கமில்லாத ஓர் இரவு ஆகியவற்றில் அதனைப் பழக வேண்டும்.

தக்ஷிணேசுவரத்தில் ஸ்ரீராமகிருஷ்ணரின் அறையில், நீரில் மூழ்கும் பேதுருவை இயேசுநாதர் கைகொடுத்துக் காக்கும் படம் ஒன்று இருந்தது. மூழ்குபவன் செய்ய வேண்டியது கை நீட்டுவது ஒன்றே. பற்றிக்கொள்வது இறைவனின் கருணை.