வீணாகும் ஓலை யார் கணக்கில்?

சென்னையின் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இப்போதெல்லாம் குழந்தைகள் சந்தை நடக்கிறது. எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் மேசை போட்டுத் தாங்கள் செய்த சோப்பு, கலர் மெழுகுவத்தி, கப் கேக், களிமண் தோடு என்று விற்பார்கள். அப்பா அம்மா பக்கத்தில் நின்று வீடியோ எடுப்பார்கள். பின்னால் 'குட்டித் தொழில்முனைவோர்' என்று பேனர் தொங்கும். அங்கிருந்து வடக்கே ஒன்றரை, இரண்டு மணி நேரம் போனால் பழவேற்காடு. பொன்னேரியிலிருந்து வரும் சாலை ஏரியைத் தொடுகிற இடத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வயதுப் பையன் ஒருவன் பிளாஸ்டிக் வாளியோடு நிற்பான். வாளிக்குள் கால் கட்டிய சேத்து நண்டு. "ணா, உசுரு நண்டு ணா, பாத்து எட்து வா ணா" என்பான். காரில் வந்த குடும்பம் பேரம் பேசி வாங்கும். வண்டி கிளம்பியதும் உள்ளே ஒருவர் கட்டாயம் சொல்வார்: "பாவம், படிக்கிற வயசுல."

இரண்டு பிள்ளைகள் செய்வதும் ஒரே காரியம். சரக்கு, விலை, வாடிக்கையாளர். பார்க்கப்போனால் நண்டுக்காரப் பையன் ஒருபடி மேல். சரக்கு சாவதற்குள் விற்றாக வேண்டும். எந்தக் கார் நிற்கும், எந்தக் கார் நிற்காது என்று தூரத்திலேயே கணிக்க வேண்டும். அவன் கை கடிபடாமல் நண்டைக் காட்டவும் தெரிய வேண்டும். ஆனாலும் ஒன்றைப் படைப்பாற்றல் என்கிறோம், இன்னொன்றைக் குழந்தை உழைப்பு என்கிறோம்.

நான் பொன்னேரிக்காரன். இந்த இரண்டு காட்சிக்கும் நடுவில்தான் வளர்ந்தேன். 'எல்லாம் வர்க்கம்தான்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். தப்பில்லை. ஆனால் அந்தப் பதிலோடு நிறுத்திவிட்டால், வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது தெரியாமலே போகிறது. காரில் இருந்தவர் சொன்ன 'பாவம்' வெறும் பாசாங்கு இல்லை. அதில் ஏதோ ஒன்று சரியாகத்தான் இருக்கிறது. அது என்ன?

சட்டத்தைக் கேட்டால் தெளிவு கிடைப்பதில்லை. 1986ஆம் வருடத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. 14 வயதுக்குக் கீழே யாரையும் எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது என்கிறது அது. கூடவே, பள்ளி நேரம் போக, விடுமுறையில், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்றும் சொல்கிறது. அந்த விலக்கின்படி பார்த்தால் மெழுகுவத்திக்கும் நண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டும் வீட்டுக்கு உதவி, இரண்டும் ஞாயிற்றுக்கிழமை.

எனக்கு இது கொஞ்சமாவது விளங்கியது பழவேற்காட்டில், ஓலை முடைகிற ஒரு வீட்டில். அங்கே முஸ்லிம் பெண்கள் பனங்குருத்தோலையில் பெட்டி, கூடை, கிலுகிலுப்பை முடைவது பழைய கைத்தொழில். ஓலையைக் காயவைத்து, சாயமேற்றி, ஒரே அகலத்தில் கிழித்து முடைய வேண்டும். ஆர்டர் எடுத்துச் செய்தால் எண்ணிக்கைக்குத்தான் காசு. நான் போயிருந்தபோது அந்த வீட்டுப் பெண், ஐந்தாவதோ ஆறாவதோ படிப்பவள், பெட்டிக்கு மூடி முடைவதை விட்டுவிட்டு வேறு எதையோ முடைந்துகொண்டிருந்தாள். பூநாரை மாதிரி இருந்தது. கழுத்து நிற்கவில்லை. பிரித்துப் பிரித்து மறுபடி முடைந்தாள். அம்மா பார்த்துவிட்டு, "ஏண்டீ, சாயம் போட்ட ஓலைய எட்து வெச்சிக்னு வெளையாட்றியா? வீணாப் போனா யாரு குடுப்பா?" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "கை நல்லா ஓடும் தம்பி இவளுக்கு. அதான் பயம்" என்றார்.

இந்த அம்மாவை மகளின் கற்பனைக்கு விரோதி என்று எழுதிவிடுவது சுலபம். அவர் விரோதி இல்லை. மகளின் கை எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, பெருமையும் இருக்கிறது. அவர் கேட்டது வெறும் கணக்குக் கேள்வி. வீணாகும் ஓலை யார் கணக்கில்? அந்த வீட்டில் அது ராத்திரிச் சாப்பாட்டுக் கணக்கில்தான் விழும்.

குழந்தைகள் சந்தையில் இந்தக் கேள்வியே எழாது. அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டு வாசலில் எலுமிச்சை ஜூஸ் கடை போடுவது ஒரு தேசியப் பழக்கம். அதற்கு லைசென்ஸ் கேட்டு அதிகாரிகள் தொந்தரவு தரக்கூடாது என்று டெக்சாஸ் மாகாணம் 2019இல் சட்டமே போட்டது. அந்தக் கடையில் பிள்ளை பத்து டாலர் சம்பாதித்தேன் என்று குதிக்கும். எலுமிச்சை, சர்க்கரை, ஐஸ், மேசை, குடை எல்லாம் அம்மா வாங்கித் தந்தது. அது கணக்கில் வருவதே இல்லை. ஒரு டம்ளர்கூட விற்காமல் போனாலும் பிள்ளைக்கு இழப்பு ஒரு மத்தியானம் மட்டும்தான். நாம் 'முனைப்பு' என்று மெச்சுவது பிள்ளைக்குள் இருக்கும் ஏதோ தனிக் குணத்தை என்று நினைக்கிறோம். அதில் பாதி, பிள்ளை விழுந்தால் தாங்குவதற்குக் கீழே விரித்திருக்கும் பாய்.

பழவேற்காட்டில் நின்றுகொண்டு இதை யோசிக்கும்போது டச்சுக்காரர்கள் ஞாபகம் வராமல் இருக்காது. 1602இல் தொடங்கிய டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி, பொதுமக்களுக்குப் பங்கு விற்று முதல் திரட்டிய முன்னோடிக் கம்பெனி. ஆம்ஸ்டர்டாமில் வேலைக்காரப் பெண்கள்கூடப் பங்கு வாங்கினார்கள். கப்பல் முழுகினால் போட்ட பணம் போகும், அதற்கு மேல் ஒன்றும் போகாது. தொழில்முனைவு என்று இன்று நாம் சொல்லும் விஷயம் பெரிதாக வளர்ந்ததற்கு அஞ்சாநெஞ்சம் மட்டும் காரணமில்லை. நட்டத்தைப் பலர் கையில் பிரித்துக் கொடுக்கும் இந்த ஏற்பாடும் காரணம். அதே கம்பெனி 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரை வியாபாரத்துக்கு அதைத் தலைமையிடமாக வைத்திருந்தது. இந்தக் கரையில் துணி நெய்தவர்களுக்கு நட்டத்தைப் பகிர அப்படி ஒரு ஏற்பாடும் இல்லை. பஞ்சம் வந்தபோது மனிதர்கள் தங்களையும் பிள்ளைகளையும் விற்றார்கள். அவர்களை அடிமைகளாகக் கப்பலேற்றியதும் அதே கம்பெனிதான்.

இன்னொரு சந்தேகம் எழலாம். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் படைப்பாற்றல் வளர வழியே இல்லையா? வழி இருக்கிறது, நிறையவே இருக்கிறது. மீன் பெட்டியின் உடைந்த தெர்மாகோலில் படகு செய்து, பாலித்தீன் பையில் பாய் கட்டி ஏரியில் விடும் பிள்ளைகளை அங்கே பார்க்கலாம். நுங்கு வண்டி நம் எல்லோருக்கும் தெரியும். கான்பூர் ஐஐடியில் படித்த அரவிந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து வடிவியல் சொல்லித்தரும் பொம்மைகள் செய்து நாடு முழுக்கக் கொண்டுபோனார். இவற்றில் எல்லாம் பொதுவாக ஒன்று உண்டு. பொருளுக்கு விலை இல்லை, அல்லது இருந்தும் இல்லாத மாதிரி. வீணானால் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். தெர்மாகோலில் இருக்கும் சுதந்திரம் சாயம் போட்ட ஓலையில் இல்லை. கற்பனைக்கு அந்த வீட்டில் குறைவே இல்லை, விலையுள்ள பொருளைத் தொடும் உரிமைக்குத்தான் குறைவு. தொழில் என்பதோ விலையுள்ள பொருளில்தான் தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் 'வீட்டிலேயே பிள்ளைக்குத் தொழில் கற்றுக்கொடுங்கள்' என்று யார் சொன்னாலும் காது கூர்மையாகிவிடும். அதற்குக் காரணம் உண்டு. 1953இல் ராஜாஜி தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். பெரியாரும் திமுகவும் அதைக் குலக்கல்வி என்று பேர் சொல்லி எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. 2023இல் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் 18 வயதிலிருந்து குடும்பத் தொழிலுக்கு உதவி என்று வந்தபோதும் தமிழ்நாடு அரசு ஒத்துக்கொள்ளவில்லை. கல்லூரிக்குப் போகிற வயது அது என்றது. தனியாகக் கொண்டுவந்த கைவினைத் திட்டத்தில் குறைந்தபட்ச வயதை 35 ஆக வைத்தது.

இந்த எதிர்ப்பு கைத்தொழில் மீதான வெறுப்பு இல்லை. வலை பின்னத் தெரிந்த பிள்ளை வலையைத் தவிர வேறொன்றையும் யோசிக்கக்கூடாது என்ற ஏற்பாட்டை எதிர்த்தது அது. முனைவு என்றால் ஆரம்பிக்கிற உரிமை மட்டும் இல்லை. விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போகிற உரிமையும் சேர்ந்ததுதான். மெழுகுவத்திப் பிள்ளை அடுத்த மாதம் கீபோர்டு வகுப்புக்குப் போய்விடும். நண்டுப் பையன் அடுத்த ஞாயிறும் அங்கேதான் நிற்க வேண்டும். 'பாவம்' என்ற சொல்லில் சரியாக இருந்தது இதுதான் என்று நினைக்கிறேன். அவன் விற்பதில் பாவம் ஒன்றும் இல்லை. நாளைக்கு விற்க மாட்டேன் என்று சொல்ல முடியாததுதான் பாவம்.

அப்படியானால் நட்டத்தைத் தாங்க முடிந்த வீட்டுப் பிள்ளைதான் முனைய முடியுமா? தாங்குவது வீடாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. பழவேற்காட்டு மீனவர்களிடம் இதற்கு ஒரு பழைய பதில் உண்டு. பாடு முறை என்பார்கள். மீன் நன்றாகப் படும் இடங்களை ஒருவரே பிடித்துவைத்துக்கொள்ள முடியாது, முறை வைத்து மாற்றிக்கொள்ள வேண்டும். இன்றைக்கு உன் வலையில் ஒன்றும் இல்லையென்றால் நல்ல இடம் உனக்கும் ஒருநாள் வரும். கெட்ட நாளை ஊரே பங்குபோட்டுக்கொள்கிறது. ஆனால் இதைப் பொற்காலம் ஆக்கிவிடவும் முடியாது. அந்த உரிமை பட்டினவர் ஊர்களின் ஆண்களுக்கு வழிவழியாக வருவது. பெண்களுக்கு இல்லை. பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் இல்லை. பாய் விரித்திருக்கிறார்கள், எல்லோருக்கும் விரிக்கவில்லை.

எல்லோருக்கும் விரித்த பாய் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் பள்ளிக்கூடச் சாப்பாட்டைக் காட்டுவேன். காமராஜர் படித்த விருதுநகர் பள்ளி வீட்டுக்கு வீடு எடுத்த பிடியரிசியில் வளர்ந்தது. அந்தப் படிப்பையும் பாதியில் விட்டுவிட்டு மாமாவின் துணிக்கடையில் உட்கார்ந்தவர்தான் பின்னால் மதிய உணவுத் திட்டத்தை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். 1982இல் அது சத்துணவாக விரிந்தது, 2022இல் காலை உணவு சேர்ந்தது. இதைப் படைப்பாற்றலோடு சேர்த்து யாரும் பேசுவதில்லை. ஆனால் பிள்ளையின் வயிறு பிள்ளையின் சோதனைகளோடு பணயம் வைக்கப்படவில்லை என்ற நிம்மதி ஒரு அம்மாவுக்கு எங்கிருந்தாவது வந்தால்தான், இரண்டு ஓலை வீணாகட்டும் என்று அவர் சும்மா இருக்க முடியும். டெல்லி அரசு 2021இல் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குத் தொழில் தொடங்கிப் பார்க்கத் தலைக்கு 2000 ரூபாய் தந்ததும் இதே யோசனைதான்: நட்டம் எங்கள் கணக்கில், நீ செய்து பார்.

வசதி கொஞ்சம் உள்ள வீடுகளில் செய்ய வேண்டியதும் இதிலிருந்தே தெரிகிறது. பிள்ளைக்கு ஊக்கப் பேச்சு தேவையில்லை. அதைவிட, திரும்பக் கேட்காத ஒரு சிறு தொகையும், வீணாக்க அனுமதியுள்ள கொஞ்சம் நல்ல பொருளும் தேவை. எலுமிச்சை என்ன விலை, யார் கொடுத்தார்கள் என்பதைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லவும் வேண்டும். இல்லையென்றால் தான் ஜெயித்தது தன் கெட்டிக்காரத்தனத்தால் மட்டும்தான் என்று நம்பி வளரும். வாளியோடு நிற்பவனுக்கு முனைப்பு இல்லை என்றும் நம்பும். பிள்ளை செய்ததை நாம் சரிசெய்து முடிக்காமல் இருக்க வேண்டும். விற்ற காசை என்ன செய்வது என்று பிள்ளை முடிவு செய்யட்டும். சலித்துவிட்டது என்றால் விடட்டும். "ஆரம்பிச்சா முடிக்கணும்" என்ற நம் வீட்டுப் பொன்மொழியைக் கொஞ்ச காலம் பரணில் போட்டுவைக்கலாம்.

அந்தச் சிறுமி அன்றைக்குப் பூநாரையை முடிக்கவில்லை. பிரித்த ஓலையை நீவிவிட்டு மறுபடி மூடிக்குள் சேர்த்து முடைந்தாள். கை நன்றாகத்தான் ஓடியது. வீணான ஓலை எத்தனை என்று அம்மாவைக் கேட்டேன். "ரெண்டு" என்றார். அந்த இரண்டு ஓலை யார் கணக்கில் விழ வேண்டும் என்று கேட்டால், அந்த அம்மா கணக்கில் இல்லை என்பதுவரை எனக்கு நிச்சயம்.