அரசகுமாரனின் கேள்வி

பிரச்ன உபநிடதத்தில் ஆறு பேர் கையில் சமித்தோடு பிப்பலாத முனிவரைத் தேடி வருகிறார்கள். இன்னும் ஓராண்டு தவத்தோடும் பிரம்மச்சரியத்தோடும் சிரத்தையோடும் இங்கே தங்குங்கள், பிறகு கேளுங்கள், எங்களுக்குத் தெரிந்திருந்தால் எல்லாவற்றையும் சொல்கிறோம் என்கிறார் அவர். பல முறை படித்த இடம்தான். அந்தத் ‘தெரிந்திருந்தால்’ என் கண்ணில் பட்டது, ஒரு ‘கொ’ எழுத்து என்னைப் பாடாய்ப் படுத்திய பிறகு.

நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டிக் கணினியில் சேர்க்கிறேன். பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, லினக்ஸில் ‘கொடி’ என்று கிரெப் கொடுத்துத் தேடினேன். திரையில் கண்ணெதிரே கொடி இருக்கிறது, கிரெப் இல்லை என்கிறது. இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டுக் கட்டற்ற மென்பொருள் குழு ஒன்றில் கேட்டேன். கிரெப்பின் கையேடான மேன் பக்கத்தைப் படித்துவிட்டு வாருங்கள் என்று பதில் வந்தது. படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். மனம் நொந்துபோயிற்று.

அன்றிரவு இன்னொருவர் எழுதினார்: “காரணம் எனக்குத் தெரியலை அக்கா. ஒரே ஒரு வரியை மட்டும் தனிக் கோப்பா அனுப்புங்க, இங்கே ஓட்டிப் பார்க்கறேன்.” வரியைச் சொல்லாக்கினோம், சொல்லை எழுத்தாக்கினோம். அவர் கணினியிலும் அதே கோளாறு. பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ்டம்ப் எடுத்தால், நான் தட்டிய ‘கொ’ 6 பைட், கோப்பிலிருந்த ‘கொ’ 9 பைட். யூனிகோடில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாக வரலாம், தனித்தனியே இரண்டு குறிகளாகவும் வரலாம். தரநிலைப்படி இரண்டும் சமம், கண்ணுக்கும் சமம். பைட்டுகளை ஒப்பிடும் கிரெப்புக்கு அவை வேறு வேறு. எல்லாக் கோப்புகளையும், ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்ததும் கொடி கிடைத்தது. எழுத்தைப் பிரித்துவிட்டது மாற்றுநிரல்தான். அதை எழுதியவர்களிடம் அவரே போய் வழுவாகப் பதிந்தார்.

கேட்பவருக்குத் தகுதி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. 2001-இல் எரிக் ரேமண்ட் எழுதிய நீண்ட வழிகாட்டியும் முதலில் நீயே முயன்று பார், முயன்றதைச் சொல் என்றே கேட்கிறது. கூலியில்லாமல் விடை சொல்பவரின் நேரம் அருமையானது. ஆனால் தகுதியை வாசலில் நிற்கும்போதே எப்படி அளப்பது? 1991 ஜூலையில் மினிக்ஸ் இயங்குதளப் பயனர்களிடம் போசிக்ஸ் தரநிலை எங்கே கிடைக்கும் என்று கேட்ட ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸுக்கு வயது 21. அவர் உருவாக்கிய லினக்ஸை ஊர் அறியாத காலம் அது.

பிப்பலாதரும் காத்திரு என்றுதானே சொன்னார் என்று கேட்கலாம். அவர் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. அந்த ஓராண்டும் அவர்கள் இருந்தது அவருடைய ஆசிரமத்தில். அவர்களுக்கு ஒரு நிபந்தனை வைத்தவர், ‘தெரிந்திருந்தால்’ என்று தனக்கும் ஒன்று வைத்துக்கொண்டார்.

ஆறாவதாகக் கேட்ட சுகேசரின் கேள்வி அவருடையதே அல்ல. பதினாறு கலைகள் கொண்ட புருஷனை அறிவாயா என்று கோசல நாட்டு அரசகுமாரன் இரணியநாபன் முன்பு அவரிடம் கேட்டிருக்கிறான். தெரியாது, தெரிந்தால் சொல்லாமல் இருப்பேனா, பொய் சொல்பவன் வேரோடு உலர்ந்துபோவான் என்றிருக்கிறார் சுகேசர். அரசகுமாரன் ஒன்றும் பேசாமல் தேரேறிப் போய்விட்டான். அவன் விட்டுப்போன கேள்வியைச் சுகேசர் சுமந்துவந்து பிப்பலாதர் முன் வைக்கிறார். விடை அரசகுமாரனைச் சென்றடைந்ததா என்று உபநிடதம் சொல்வதில்லை. கேட்டவன் போன பிறகும் கேள்வி போற்றப்பட்டது என்பதில் எனக்கு ஒரு பெரிய ஆறுதல் இருக்கிறது. அந்த இரவில் என் ‘கொ’வைச் சுமந்துபோனவரிடம் நான் கண்டது அதைத்தான்.

போன வாரம் ஒரு மாணவன் கேட்டிருந்தான்: பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தால் ‘கெ’யின் கொம்பு எழுத்தை விட்டு முன்னால் ஓடிவிடுகிறதே, ஏன்? “எனக்குத் தெரியலை தம்பி. ஒரு பக்கத்தை மட்டும் அனுப்புப்பா” என்று எழுதினேன். அனுப்பினான். என் கணினியிலும் கொம்பு முன்னால்தான் போய் நிற்கிறது.