பிள்ளையின் கூலியும் நம் பொறுப்பும்





பரீட்சை முடிந்ததும் நம் திருவையாறு பக்கத்துப் பிள்ளைகள் பலர் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாற, மெக்கானிக் கடையில் எடுபிடியாக, அறுவடை நேரத்தில் நெல் மூட்டை ஏற்ற. உழைப்பு இழிவல்ல. நம் நபி (ஸல்) அவர்களே மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்தவர்கள்.

நம் மத்ரஸாவில் ஓதிய ஒரு பிள்ளை மூட்டை ஏற்றப் போனான். மூன்றாம் நாள் தோள் வீங்கிவிட்டது. கூட வேலை செய்தவர், "இதை உதட்டுக்குள்ள வை தம்பி, வலி தெரியாது" என்று ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறார். முதல் பொட்டலம் இலவசம். அடுத்ததற்கு அவன் கூலியே இருந்தது. வீட்டில், "இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்டார்கள். "யாரோட இருந்தே?" என்று கேட்கவில்லை. ஜும்ஆவுக்கு அவன் வராததை நானும் விசாரிக்கவில்லை. வாயெல்லாம் புண்ணாகி, அவன் தாயார் அழுதுகொண்டு வந்தபோதுதான் தெரிந்தது.

அமெரிக்காவில் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யும் பிள்ளைகளிடம் புகை, மது போன்ற பழக்கங்கள் கூடுதலாகக் காணப்பட்டன. வேலை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. படிப்பில் மனம் விலகிய பிள்ளைதான் அதிக நேரம் வேலைக்கும் போகிறான். அப்படியானால் அவன்மீது நம் கவனம் இன்னும் அதிகமாக வேண்டும்.

நல்ல நண்பனை அத்தர் வியாபாரிக்கும், கெட்ட நண்பனைக் கொல்லனின் துருத்தி ஊதுபவனுக்கும் நபி (ஸல்) அவர்கள் உவமை சொன்னார்கள். பக்கத்தில் நின்றாலே மணமோ புகையோ ஒட்டும்.

பெற்றோர்களே! அநாதைகளின் சொந்தச் சொத்தைக்கூட, அவர்களைச் சோதித்து, பக்குவம் தெரிந்த பிறகே ஒப்படைக்கும்படி அன்னிஸா அத்தியாயத்தின் 6-வது வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். இதில் நமக்குப் பாடம் உண்டு. பிள்ளையின் கூலியைப் பிடுங்காதீர்கள், கணக்கில்லாமல் விட்டும்விடாதீர்கள். உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.

முதலாளிகளே! அனஸ் (ரலி) அவர்கள் பத்து வயதில் நபியவர்களிடம் பணிவிடைக்கு வந்தார்கள். பத்தாண்டுகளில் ஒருமுறைகூட நபியவர்கள் அவரைக் கடிந்துகொண்டதில்லை. உங்களிடம் வேலைக்கு வரும் பிள்ளை அமானிதம். 14 வயது நிறையாதவரை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் புகையிலையோ போதைப் பொருளோ கொடுத்தால், 2015-ன் இளைஞர் நீதிச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறை. அல்லாஹ்விடம் உள்ள விசாரணை தனி.

இளைஞர்களே! போதை தரும் எதுவும் ஹராம். வழுக்கியிருந்தால் மறைக்காதீர்கள். தவ்பாவின் வாசல் திறந்திருக்கிறது. 14446 என்ற எண்ணில் போதை மீட்பு ஆலோசனை கிடைக்கும். என் அறைக் கதவையும் தட்டலாம், ஏச மாட்டேன்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் உழைப்பில் பரக்கத் செய்து, போதையின் தீங்கிலிருந்து அவர்களைப் பாதுகாப்பானாக! ஆமீன்.