ஏடு பெயர்ப்போர் அறம்

மாந்தன் தன் நினைவைத் தன் உள்ளத்திற்கு வெளியே வைக்கக் கற்ற நாள்தொட்டு ஒரு கடமையும் அவனைப் பற்றிக்கொண்டது. கல்லில் வெட்டினான்; ஓலையில் கீறினான்; தாளில் எழுதினான்; இன்று கணினியில் பதிகின்றான். கலம் எதுவாயினும் ஒரு நாள் பழுதுறும். அது பழுதுறும் முன்னரே உள்ளிருப்பதைப் புதிய கலத்திற்கு மாற்றியாக வேண்டும். இவ்வாறு மாற்றுதல் கைத்திறன் சார்ந்த செயல் மட்டுந்தானா? அறம் சார்ந்த செயலும் ஆகுமா? மாற்றுகின்றவன் யாருக்குக் கடன்பட்டவன்? பழைய ஏட்டுக்கா, புதிய கலத்திற்கா, அன்றி ஏட்டில் பெயராக நிற்கும் மனிதருக்கா?

இவ்வினா அறிஞர் அவைக்கு மட்டும் உரியதன்று. கடாரம் எனப் பண்டைத் தமிழர் வழங்கிய கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய், லூனாஸ் முதலிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்கு ஏடு என்பது சோறு. விடியுமுன் பெரட்டுக்கு வந்து நின்றவரின் பெயரைக் கிராணியார் செக்ரோலில் குறிப்பார். குறித்தால் கூலி உண்டு. விடுபட்டால் உழைப்பு காற்றோடு போகும். மலாயாவில் 1948ஆம் ஆண்டு அடையாள அட்டை வந்தது. 1951இல் ஊழியர் சேமநிதி வந்தது. தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் வீடிழந்து தவித்த காலத்தில், 1960ஆம் ஆண்டு, துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அச்சங்கம் வாங்கிய தோட்டங்களுள் ஒன்று. சிறுகச் சிறுகக் கட்டிய பணம் பங்காயிற்று. இவ்வாறு ஒரே தொழிலாளியின் பெயர் செக்ரோலிலும், பிறப்புப் பதிவிலும், சேமநிதிக் கணக்கிலும், கூட்டுறவுப் பேரேட்டிலுமாகப் பல ஏடுகளில் ஏறிற்று.

ஏறிய பெயர் எல்லா இடத்தும் ஒன்றாக இருந்ததா என்பதே சிக்கல். தமிழில் சொன்ன பெயரைக் கேட்டவர், தம் காதுக்கு எட்டியவாறு உரோமன் எழுத்தில் எழுதினார். ஓரிடத்தில் முனியம்மாள், ஓரிடத்தில் முனியம்மா, மற்றோரிடத்தில் முனியாமா. படிக்கத் தெரியாத தாய் தன் பெயர் சிதைந்ததை அறியாமலே கைநாட்டு வைத்தாள்.

கணினி வந்த பின்

தாளேடுகள் கணினிக்கு மாறிய வரலாறு நீண்டது. 1970ஆம் ஆண்டு எட்கர் காட் என்னும் அறிஞர், செய்திகளை ஒன்றோடொன்று உறவுடைய அட்டவணைகளாக அமைக்கும் முறையை வகுத்தளித்தார். இன்றைய தரவுத்தளங்கள் பலவற்றுக்கு அதுவே அடிப்படை. 1980கள் தொட்டு டிபேஸ், பாக்ஸ்புரோ போன்ற மென்பொருள்கள் சிறிய அலுவலகங்களிலும் புகுந்தன. உறுப்பினர் பட்டியல், மாதச் சம்பளம், பங்குக் கணக்கு ஆகியவற்றை உள்ளூர் நிரலர் ஒருவரே எழுதித் தந்துவிடக்கூடிய எளிமை அவற்றுக்கு இருந்தது. ஆயின் அக்கலங்களும் பழையனவாயின. விசுவல் பாக்ஸ்புரோவின் இறுதிப் பதிப்பு 2004இல் வெளிவந்தது. இனிப் புதிய பதிப்பு இல்லை என 2007இல் மைக்ரோசாப்ட் அறிவித்தது. 2015இல் அதற்கான ஆதரவும் முடிந்தது. அவற்றில் உள்ளவற்றைப் புதிய கருவிகளுக்கு மாற்றும் வேலை உலகெங்கும் நடந்து வருகின்றது.

இனி ஒரு நிலையைக் கருதிப் பார்க்கலாம். ஒரு தோட்டத்தில் முனியம்மாள் என்னும் பெயருடையார் இருவர். தந்தை பெயரும் இருவர்க்கும் ஒன்றே. பழைய கிராணியார் ஒருத்தியின் பெயர் அருகே 'மேட்டு லயம்' என்றும், மற்றவள் பெயர் அருகே 'பள்ளத்து லயம்' என்றும் பென்சிலால் குறித்து வைத்தார். அக்குறிப்பைக் கொள்ளப் புதிய அட்டவணையில் கட்டம் இல்லை. இருமுறை வந்த ஒரே பெயர் எனக் கருதிய கணினி இருவரையும் ஒருவராக்கிவிடுகின்றது. ஒருத்தியின் பங்கு மற்றவளிடம் சேர்கின்றது. அடுத்த தோட்டத்திலோ ஒரே முனியம்மாள் மூன்று எழுத்துக்கூட்டலில் மூவராகி நிற்கின்றாள். மூவருள் எவரும் தாமே என மெய்ப்பிக்க அவளால் இயலவில்லை. இருவரை ஒருவராக்குதல், ஒருவரைப் பலராக்குதல் என்னும் இவ்விரண்டும் ஏடு பெயர்ப்பில் நேரும் பெருங்கேடுகள். இரண்டிலும் திருடியவன் எவனும் இல்லை. ஆயினும் ஓர் ஏழையின் உடைமை அவளை விட்டு நீங்கிவிட்டது.

இருதிறத்தார் கூற்று

இத்தகைய இடர் நேராதிருக்க வழி யாது? ஒருதிறத்தார், உள்ளதை உள்ளவாறே பெயர்த்தெழுதுக என்பர். திருத்தும் உரிமை எழுத்தருக்கு இல்லை என்பது அவர் கருத்து. இதில் பணிவு உண்டு. ஆயின் பிழையையும் பேணிக் காப்பதாக இது முடியும். மங்கிய மையில் இருந்த பிழையை மனிதர் கண்டு ஐயுறுவர். கணினித் திரையில் ஒளிரும் பிழையை எவரும் ஐயுறார்.

மற்றொரு திறத்தார், பழையதைக் களைந்து புதிதாகத் தொடங்குக என்பர். இதில் துணிவு உண்டு. ஆயின் அத்துணிவின் விலையைக் கொடுப்பவர் அவரல்லர். தோட்டத்தை விட்டுப் பினாங்குக்கோ பட்டர்வொர்த்துக்கோ பிழைக்கப் போனவரும், இறந்துபட்டவரின் மக்களுமே அதைக் கொடுப்பர். மீண்டும் வந்து பதிந்துகொள்ளுங்கள் என்னும் அழைப்பு, வர இயலாதார் காதில் விழுவதில்லை.

இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது நெறியொன்று தமிழுலகில் முன்னரே வகுக்கப்பட்டுள்ளது. ஓலையிலிருந்து அச்சுக்குத் தமிழ் மாறிய காலத்தை ஆசிரியர் நன்கறிவர். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். ஓர் ஏட்டை மட்டும் நம்பி அவர் அச்சிடவில்லை. ஊரூராய் அலைந்து பல பிரதிகளைத் தேடி ஒப்பிட்டார். பொருத்தமான பாடத்தைத் தேர்ந்தார். வேறுபட்ட பாடங்களையும் மறைக்காமல் காட்டினார். பிற்காலத்தார் அவர் முடிவை மறுக்க விரும்பினால், மறுப்பதற்கான சான்றையும் அவரே கையில் கொடுத்துச் சென்றார். திருத்துக; ஆயின் திருத்தியதை மறைக்காதே; திருத்துமுன் இருந்ததை அழிக்காதே என்பதே இந்நெறி. கணினியில் பழைய எழுத்துக்கூட்டலையும் புதியதையும் அருகருகே வைத்து, யார், எப்போது, எச்சான்றால் மாற்றினார் எனக் குறிப்பதற்கு ஒரு கட்டமே போதும். அதைச் சேர்க்க மறுப்பது இடமின்மையால் அன்று, எண்ணாமையால்.

ஆடிப்பெருக்கில் பழைய சுவடிகளை ஆற்றில் விடும் வழக்கமும் இருந்தது. புதிய ஓலையில் படியெடுத்த பின் பழையதை நீரில் விடுதல் குற்றமாகாது. படியெடுக்கும் வழக்கம் நின்ற பின்னரும் விடும் வழக்கம் மட்டும் நின்றதே கேடாயிற்று. புதியது மெய்ப்பிக்கப்படுமுன் பழையதை அழிப்போர் எக்காலத்தும் இக்கேட்டையே செய்கின்றனர்.

மரம் கற்பிக்கும் பாடம்

ஏட்டில் உள்ள செய்தி மட்டுமன்று, அதை ஆளும் பழைய நிரலும் கவனத்திற்குரியது. நிரலின் நடுவே, குறிப்பிட்ட ஆண்டுக்கு முன் சேர்ந்தோர்க்கு மட்டும் கணக்கு வேறு என ஒரு வரி இருக்கும். எழுதியவர் இன்று இல்லை, காரணமும் எழுதப்படவில்லை. புதிய நிரலர்க்கு அது குப்பையாகத் தோன்றும். ஆயின் அவ்வரி, என்றோ ஒருநாள் தொழிலாளர்க்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதியாக இருக்கலாம். காரணம் தெரியாத ஒன்றைக் காரணமற்றது என முடிவு செய்தல் அறிவுடைமை ஆகாது. காரணத்தைத் தேடுக, முதியோரைக் கேட்க, கேட்டறிந்த பின் நீக்குக.

ரப்பர்த் தோட்டத்தில் மறுநடவு செய்யும் முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முதிர்ந்த மரங்களைப் பகுதி பகுதியாகவே வீழ்த்துவர். ஒரு பகுதியில் இளங்கன்று வளர்ந்து பால்வெட்டுக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை மற்றப் பகுதியின் பாலே தோட்டத்தைக் காக்கும். மென்பொருள் அறிஞர் மார்ட்டின் பவுலரும் 2004இல், பழைய மென்பொருளைச் சிறிது சிறிதாக மாற்றும் முறைக்கு ஒரு மரத்தின் பெயரையே சூட்டினார். மற்றொரு மரத்தின் மேல் முளைத்து, வேர் இறக்கி, மெல்ல மெல்ல அதன் இடத்தைக் கொள்ளும் அத்தி வகை அது. பனையின் தலையில் முளைத்த ஆலைத் தமிழர் அறிவர். புதியது தன் வேரில் நிற்கும்வரை பழையதே அதைத் தாங்குகின்றது. சில மாதங்கள் இரண்டு முறையிலும் சம்பளம் கணித்து, காசு பிசகாமல் ஒத்து வருகின்றதா எனப் பார்த்த பின்னரே பழையதை நிறுத்துவது இந்நெறியின்பாற்பட்டது.

இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பழைய நிரலைப் படித்துப் புதிய மொழியில் விரைந்து எழுதித் தருகின்றன. அவற்றைப் பயன்கொள்வதில் இழுக்கில்லை. ஆயின் மேட்டு லயத்து முனியம்மாளைக் கருவி அறியாது. கருவி செய்தது என்று சொல்லிப் பொறுப்பினின்று நீங்குதல், எழுத்தாணி செய்த பிழை என்று ஏடெழுதியவன் சொல்வதை ஒக்கும்.

கொள்வதும் தள்ளுவதும்

ஓர் ஐயம் எழலாம். பழைய ஏட்டில் சாதிப் பெயரோ, இழிவாக வழங்கிய பட்டப்பெயரோ ஒட்டியிருந்தால் அதையும் பெயர்த்தெழுத வேண்டுமா? இங்கே இரண்டு ஏடுகளைப் பிரித்துணர வேண்டும். நடந்ததற்குச் சான்றாக நிற்பது ஒன்று. வாழ்வோரை ஆள்வது ஒன்று. சான்றேட்டில் இழிவும் அழியாதிருக்கட்டும். அதை அழித்தால் அநீதி நடந்ததற்கே சான்றில்லாமற் போகும். வழங்கும் ஏட்டில் அது புகுதல் ஆகாது. புகின் பழைய இழிவுக்குப் புதிய ஆயுள் கொடுத்ததாகும். வரலாற்றுக்கு உண்மையும் வாழ்வோர்க்கு மதிப்பும் ஒருங்கே கிடைப்பது இவ்வாறுதான்.

தமிழ்ப்பள்ளிகளும் இக்கடமைக்குப் புறம்பானவை அல்ல. முரசு அஞ்சல் 1985இல் மலேசியாவில் தோன்றியது முதல் கணினித் தமிழில் இந்நாட்டார்க்குப் பங்குண்டு. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆயினும் அது பரவுமுன் பலவகைக் குறியீடுகளில் தட்டெழுதிய ஆண்டு மலர்களும் கட்டுரைகளும் இன்று திறந்தால் பொருளற்ற குறிகளாகவே தோன்றுகின்றன. எழுத்து அழியவில்லை, அதைப் படிக்கும் திறவுகோலே தொலைந்துள்ளது. தோட்டம் மறைந்த பின்னும் எஞ்சியுள்ள பள்ளிச் சேர்க்கைப் பதிவேடோ, ஒரு குடும்பம் அங்கு வாழ்ந்ததற்கு எஞ்சிய ஒரே சான்றாக இருத்தலும் கூடும். அதனைப் பெயர்த்தெழுத அமரும் ஆசிரியரும் மாணவரும் வெறும் எழுத்தர் அல்லர்.

நன்னூலார் தம் நூலின் முடிவில், பழையவை நீங்குதலும் புதியவை சேர்தலும் குற்றமாகா என்னும் கருத்தை உரைத்தார். பலரும் அதனை எடுத்துக்காட்டுவர். ஆயின் அவர் அதனைக் காலத்தின் இயல்போடு சேர்த்தே உரைத்தார் என்பதை மறந்துவிடுவர். காலம் கழிப்பது வேறு. மனிதன் தன் சோம்பலால் கழிப்பது வேறு.

ஆகவே, ஏடு பெயர்ப்போன் முதற்கண் கடன்பட்டவன் பழைய ஏட்டுக்கும் அல்லன். புதிய கலத்திற்கும் அல்லன். ஏட்டில் பெயராக நின்று, தன் பெயரைத் தானே படிக்க இயலாதிருந்த மனிதருக்கே அவன் கடன்பட்டவன். மேட்டு லயத்து முனியம்மாளும் பள்ளத்து லயத்து முனியம்மாளும் புதிய ஏட்டிலும் இருவராகவே நிற்பார்களாயின், அவ்வேடு நன்கு பெயர்க்கப்பட்டது எனலாம்.