ஒரு பிடி அவல்

பாடசாலை என்பது எழுத்தறிவிக்கும் இடம் மாத்திரமன்று. கொடுத்துப் பழகவும், பெற்றதை மறவாதிருக்கவும் பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் இடமும் அதுவே. நவராத்திரிக் காலத்தில் பாடசாலைகளில் நடைபெறும் வாணி விழாவைக் கண்டவர்களுக்கு இது நன்கு விளங்கும். ஒரு பிள்ளை கடலை கொண்டு வரும். இன்னொரு பிள்ளை அவல் கொண்டு வரும். வேறொரு பிள்ளை வீட்டு முற்றத்துப் பூவை மாத்திரம் பறித்து வரும். எல்லாம் கலைமகளின் திருமுன் படைக்கப்பட்டு, பின்னர் அவலும் கடலையும் ஒரே பாத்திரத்தில் கலந்து, எல்லாக் கைகளுக்கும் ஒரே அளவில் வந்து சேர்கின்றன. எது எவர் வீட்டு அவல் என்று அப்போது எவராலும் சொல்ல முடியாது. பிரசாதத்தின் மகத்துவம் அதுவேயாம்.

பாகவதம் கூறும் குசேலர் வரலாறும் கூடப் படித்தவர்களின் வரலாறே. கண்ணனும் குசேலரும் சாந்தீபனி முனிவரிடம் ஒன்றாகக் கல்வி பயின்றவர்கள். விறகு பொறுக்கக் காட்டுக்குச் சென்று, பெருமழையில் வழிதவறி, ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு இரவைக் கழித்தவர்கள். பின்னாளில் கண்ணன் துவாரகையில் செல்வச் சிறப்போடு வாழ்ந்தான். குசேலர் வறுமையில் வாடினார். நண்பனைக் காண வெறுங்கையோடு போகலாகாது என்று, அயலவரிடம் இரந்து பெற்ற நான்கு பிடி அவலைக் கந்தைத் துணியில் முடிந்து கொடுத்தாள் மனைவி.

துவாரகையின் சிறப்பைக் கண்ட குசேலர் அந்த முடிச்சை வெளியே எடுக்க நாணினார். எல்லாம் அறிந்த கண்ணன் என்ன செய்தான்? எடுத்த எடுப்பிலே பொன்னை அள்ளிக் கொடுக்கவில்லை. தனக்கு என்ன கொண்டு வந்தாய் என்று கேட்டு, மறைத்த முடிச்சைத் தானே எடுத்து அவிழ்த்து, ஒரு பிடி அவலை ஆவலோடு உண்டான். செல்வம் பின்னர் வந்தது. அதுவும் குசேலர் கேளாமலே வந்தது. ஏழை நண்பனைக் கொடுப்பவனாக உயர்த்திய பின்னரே பகவான் தாம் கொடுத்தார்.

இடைவேளை மணி அடித்ததும் எந்த வகுப்பிலும் ஒரு குசேலரைக் காணலாம். வெறும் ரொட்டியும் சம்பலும்தானே என்று, சாப்பாட்டுப் பெட்டியை முழுவதும் திறவாமல் கையால் மறைத்து உண்ணும் பிள்ளை அது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அரிசியும் மாவும் விலையேறியபோது, இந்நாட்டின் பல வீடுகளில் அந்தப் பெட்டியே வெறுமையானது. அருகிலிருக்கும் பிள்ளை இரங்கித் தன் முட்டையில் பாதியைக் கொடுப்பது நல்லது. அதனினும் நல்லது, "உன் சம்பலில் எனக்கும் கொஞ்சம் தா" என்று கைநீட்டிக் கேட்பது. அப்போது இருவரும் கொடுக்கிறார்கள், இருவரும் பெறுகிறார்கள், வெட்கப்பட அங்கே ஒருவரும் இல்லை. ஒன்றுமே கொண்டு வராத பிள்ளை எல்லோருக்கும் தண்ணீர் எடுத்து வைக்கட்டும். அதுவும் ஒரு பங்குதான்.

வள்ளுவப் பெருந்தகை ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு முன்பாகவே ஒப்புரவறிதலை வைத்தார். இல்லாதவர்க்கு இரங்கிக் கொடுப்பது ஈகை. எல்லோரோடும் ஒத்து வாழ்ந்து உதவுவது ஒப்புரவு. பாடசாலைக்கு இரண்டும் வேண்டும். ஒப்புரவு முந்தி வேண்டும்.

1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர் இதை அறிந்திருந்தார். செல்வந்தரை மாத்திரம் நம்பியிராமல், பிடியரிசி சேர்க்கும் வழியையும் கைக்கொண்டார். உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வைக்க எந்த ஏழைத் தாயாலும் முடியும். அப்படி வைத்தவள் பாடசாலையைக் கடக்கும்போது, இதில் என் அரிசியும் உண்டு என்று தலைநிமிர்ந்து போகலாம்.

1945இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வியும், 1980இல் வந்த இலவசப் பாடநூலும், 1993இல் வந்த இலவசச் சீருடையும் நாடு முழுவதும் சேர்த்த பிடியரிசி போன்றவையே. தேயிலைக் கொழுந்து கிள்ளிய கைகளின் உழைப்பும் அதில் உண்டு. ஆயினும் அந்த நன்மை தோட்டத்துப் பிள்ளைகளை முழுமையாக வந்தடைய, தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும்வரை பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. தாமதமாகக் கிடைத்ததன் அருமையை அறிந்தவர்களே அதை மறவாமல் காக்கவும் வேண்டும்.

நன்றி என்பது வாயால் சொல்லி முடிவதன்று. தான் படித்த பாடநூலைக் கிழியாமல், கிறுக்காமல் வைத்திருந்து அடுத்த வருடப் பிள்ளைக்குக் கொடுப்பது நன்றி. உத்தியோகம் பெற்ற பின் பழைய பாடசாலையின் படியேறி, கற்பித்த ஆசிரியரை வணங்குவது நன்றி. குசேலர் துவாரகையிலிருந்து வெறுங்கையோடு திரும்பியபோதும், நண்பனின் அன்பையே நினைந்து மகிழ்ந்தபடி நடந்தார். வீட்டில் காத்திருந்த செல்வத்தை அவர் அப்போது அறியார்.

பல்லேகல வட்டாரத்துப் பெற்றோர் நாளை காலை பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியில் ஒரு பிடி கூடுதலாக வைப்பார்களாக. வைக்கும்போதே, "கொடுத்துச் சாப்பிடு, கேட்டும் சாப்பிடு" என்று சொல்லி அனுப்புவார்களாக. எல்லாம் வல்ல இறைவனின் திருவருள் அந்த ஒரு பிடியில் நிறைவதாக.

சுபம்.